ஊர்வல வண்டி

அந்தக் கரும்பலகையை மாட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால் எனக்கு இன்னும் கேவலம்.

மீன் ஏலக்கூடத்து வாசலில் லாரிகளை ஏற்றி எடை பார்க்கிற மேடை ஒன்று இருக்கிறது. பதினான்கு வருஷமாக அதில் எடை போடுவதுதான் என் பிழைப்பு. மீன் வெளியே போகும்போது ஒரு எடை, ஐஸ் உள்ளே வரும்போது ஒரு எடை. ஐஸ் கம்பெனி இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கிருந்து வெயில் ஏறுகிற நேரத்தில் ஆறு மினி லாரிகள் கிளம்பி வரும். ஒவ்வொன்றிலும் நாற்பது ஐஸ் பார். ஒரு பார் ஐம்பது கிலோ இருக்கும். கொக்கி போட்டு இரண்டு பேர் இழுத்தால்தான் நகரும். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் மீசை முளைத்து நாலு வருஷம் ஆகாத பையன்கள். பெரியவர்கள் யாரும் அந்த வேலைக்கு வரமாட்டார்கள். ஏன் வரமாட்டார்கள் என்று நாங்கள் யோசித்ததும் இல்லை.

ஐஸ் உருகும், அதனால் ஐஸ் வண்டி பறக்க வேண்டும். அந்தத் தொழிலில் இதை யாரும் கேள்வி கேட்டது கிடையாது. முதலில் வருகிற இரண்டு வண்டிகளுக்குத்தான் கொட்டகை நிழலில் இடம் கிடைக்கும். மற்ற நான்கும் வெயிலில் நின்று சொட்டிக்கொண்டிருக்கும். எடை குறைந்தால் கம்பெனி முதலாளி டிரைவரைப் பிடித்து உலுக்குவார். இது போதாதென்று நான் வேறு சேர்ந்துகொண்டேன். கம்பெனிச் சீட்டில் வண்டி புறப்பட்ட நேரம் எழுதியிருக்கும். வந்த நேரம் என் கடிகாரத்தில் இருக்கும். ஒருநாள் பொழுது போகாமல் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, யார் எத்தனை நிமிஷம் என்று பலகையில் எழுதி வைத்தேன். மறுநாளிலிருந்து பையன்கள் வண்டியை விட்டு இறங்கியதும் முதல் பார்வை பலகைக்குத்தான். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் என்று நினைப்பு.

ராக்கெட் என்று ஒருவன், இருபத்தொன்பது நிமிஷம். அவனுக்கு அடுத்தபடி எங்கள் வீட்டுச் சின்னவன், முப்பத்தொன்று.

எங்கள் வீடு என்று வாய் தவறிச் சொல்கிறேன். அது அவர்கள் வீடு. மாடியில் இருக்கும் ஒற்றை அறையில் நான் வாடகைக்கு இருந்தேன், சாப்பாடு கீழே. வீட்டுக்காரர் அதே ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்ப்பவர். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், முன்னறையில் உட்கார்ந்து மெத்தை தைப்பார். வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும். சோற்றில் பஞ்சு கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும், பேசக்கூடாது. மூத்தவள் ஆஸ்பத்திரித் துணி வண்டி ஓட்டினாள். அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய், வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுவருவாள். ஏழு வருஷத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. சின்னவனுக்குப் பத்தொன்பது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவன் பாலத்து இறக்கத்தில் வண்டியைக் கவிழ்த்தான். முன்னால் போன மணல் லாரியை முந்த ஏறியிருக்கிறான், எதிரே பஸ் வந்திருக்கிறது, உள்ளே ஒடித்திருக்கிறான். இரண்டு டன் ஐஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வண்டி என்ன செய்யும். நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. ரோடு பூராவும் ஐஸ். அவனையும், ஐஸ் இறக்க உடன் வந்த லோடுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜனங்கள் வாளி கொண்டுவந்து ஐஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பார் மட்டும் உடையாமல் நடு ரோட்டில் நின்று உருகிக்கொண்டிருந்தது. லோடுக்காரருக்கு மூன்று விலா எலும்பு முறிவு, இவனுக்குக் காலில் இரண்டு இடத்தில். பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

ஏலக்கூடத்துக்குத் திரும்பினேன். பலகையில் அவன் பட்டப்பெயருக்கு நேராக முப்பத்தொன்று என்று என் கையெழுத்து. துடைத்தேன். பலகையைக் கழற்றி அடுப்புக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பையன்கள் கரித்துண்டால் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ஆரம்பித்து வைத்ததை நிறுத்த என்னாலேயே முடியவில்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் படுத்துவிட்டால் அவன் வீட்டு ஆள் யாராவது வண்டியை எடுக்கலாம். அப்படி எடுத்தால் அவன் எழுந்து வரும்வரை சீட் அவனுக்கே நிற்கும். எடுக்க ஆள் இல்லையென்றால் மறுநாளே வேறு பையன் ஏறிவிடுவான். சின்னவன் கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்தபடி, சீட் போனால் வெளியூர் லாரியில் ஏறிப் போய்விடுவேன், பிறகு தேடாதீர்கள் என்று வீட்டையே மிரட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க வந்த கூட்டாளிகள் கவிழ்ந்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். முன்னறையில் அக்கா ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏறாதேன்னு சொன்னா அவன் கேக்க மாட்டான் தம்பி. ஏறத்தான் போறான். ஏறினவன் முழுசா இறங்கி வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மூத்தவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தம்பி எழுந்திருக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். ஏழு வாரம் என்றேன். துணி வண்டியைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்கிறேன், காலையில் ஐஸ் வண்டியை நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள், பாதி நடந்துகொண்டே.

கவிழ்ந்த வண்டியை நிமிர்த்திச் சரிபண்ணிக் கொடுத்தார்கள். முதல் நாள் அவளுக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. பாலத்து இறக்கத்தில் இரண்டாம் கியர், பள்ளிக்கூட வாசலில் ஆள் நடக்கிற வேகம், சந்திப்பில் சிவப்பு விழுந்தால் நின்று பச்சை விழுந்தால் கிளம்புவது. ஐஸ் வண்டி சிக்னலில் நிற்பதை அந்த ரோட்டில் யாரும் பார்த்ததே இல்லையாம். ராக்கெட் அவளுக்கு 'ஊர்வலம்' என்று பெயர் வைத்தான். அவள் வண்டி திருப்பத்தில் தெரிந்தாலே பையன்கள் வரிசையாக எழுந்து நின்று, "ஊர்வலம் வருது, வழி விடுங்க" என்பார்கள். அவள் ஜன்னல் வழியே கையை நீட்டி, மந்திரி மாதிரி ஆட்டிக்கொண்டே உள்ளே வருவாள். எனக்குச் சிரிப்பு வரும். எடையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விடும்.

இருநூறு கிலோவுக்கு மேல் குறைந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முதலாளியே ஏலக்கூடத்துக்கு வந்துவிட்டார். கோபக்காரர், ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லாத மனுஷர். ஒரு வாரம் தருகிறேன், அதற்குள் எடை ஏறவில்லையென்றால் சீட்டை ராக்கெட்டின் மச்சானுக்குக் கொடுத்துவிடுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி கீழே சாப்பாடு பரிமாறும்போது வீட்டுக்காரர் மகளைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷமாக ஐஸ் உறைய வைக்கிற தனக்குத் தெரியாதா, ஐஸுக்குச் சத்துரு நேரம்தான், கொஞ்சம் அழுத்தினால் என்ன என்றார். மகனைக் கட்டிலில் போட்டுக்கொண்டே அப்படிப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஊரில் எல்லாருடைய மண்டைக்குள்ளும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. என் மண்டைக்குள்ளும்தான்.

சின்னவன் உள்ளேயிருந்து, "என் வண்டிய வச்சு ஊர் சிரிக்குதுக்கா" என்றான்.

"நீ கவுத்தப்ப அம்மா அழுதாங்க. அதுக்கு ஊர் சிரிக்கிறது தேவலை" என்றாள்.

ஐந்தாம் நாள் அது நடந்தது. அன்று துணி வண்டி பழுது என்று, நாலு மூட்டை வெளுத்த விரிப்புகளை ஐஸ் வண்டியிலேயே போட்டுக்கொண்டு வந்தாள். வழியில் ஆஸ்பத்திரியில் இறக்குவதாக ஏற்பாடு. அங்கே சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போய்விட்டதால் நேராக என்னிடம் வந்துவிட்டாள். எடை போடுமுன் மூட்டைகளை இறக்க நானும் மேலே ஏறினேன். மூட்டை கிடந்த மூலையில் ஆறு பார்கள் இருந்தன. மற்றவை எல்லாம் சப்பிப்போட்ட மிட்டாய் போலக் குழைந்து கிடக்க, இந்த ஆறும் அச்சிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல் விளிம்பு கூராக நின்றன. தொட்டுப் பார்த்தாள். விரலை எடுத்துவிட்டு மறுபடி தொட்டாள்.

"அண்ணே, இந்த ஆற மட்டும் தனியா எடை போடுங்க" என்றாள்.

தனித்தராசில் போட்டேன். ஒவ்வொன்றும் நாற்பத்தொன்பதுக்கு மேல் இருந்தது. மற்ற பார்களில் சிலது நாற்பத்துமூன்றுகூட இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐஸைத் தின்றது வெயிலும் காற்றும். திறந்த வண்டியில் பறந்தால் காற்று இன்னும் பலமாகத் தின்னும். பறக்கப் பறக்க ஐஸைக் காற்றுக்குத் தீனியாகக் கொடுத்துவிட்டு, அவசரப்படவில்லை என்று பையன்களை உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா முன்னால் உட்கார்ந்து, ஐஸுக்கு ஒரு மெத்தை வேண்டும் என்றாள். அக்கா மகள் முகத்தைப் பார்த்தார், வெயில் பட்டுவிட்டதோ என்று. வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு எழுந்து வந்துவிட்டார்.

"மெத்தையப் போட்டு மூடினா ஐஸு வேர்த்து ஓடிராதா? நாம போத்திக்கிட்டா சூடாகுதுல்ல?"

"நம்ம உடம்புல சூடு இருக்குப்பா, போர்வை அத வெளிய விடல. ஐஸுல சூடு எங்க இருக்கு? வெளிச் சூட்ட உள்ள விடாது, அவ்வளவுதான்."

முப்பது வருஷமாக, உறையவைக்கும் தொட்டியின் மேல் சாக்குமூடி போட்டு வைப்பவர் அவர். எதற்குப் போடுகிறோம் என்று இப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. போய் மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

அக்கா அளவு கேட்டார். மேலே மூட ஒன்று, நாலு பக்கத்துக்கு நாலு என்று மகள் சொல்ல, பழைய மெத்தைகளைப் பிரித்துப் பஞ்சை உதறி, மேலும் கீழும் தார்ப்பாய் வைத்துத் தைக்க ஆரம்பித்தார். நனைந்த பஞ்சு எதற்கும் ஆகாது என்று தையல் வரிசைக்கு மெழுகு தேய்த்தார். தார்ப்பாயில் ஊசி இறங்காமல் இரண்டு ஊசி ஒடிந்தது, விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. நான் பஞ்சு அள்ளிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் ஓரங்களுக்குக் கயிறு கோத்தார். கட்டிலில் கிடந்தவன், இதற்கு ஒரு தலையணையும் தைத்துவிடுங்கள், ஐஸுக்குக் கழுத்து வலிக்கும் என்று கேலி செய்தான். அக்கா நிமிராமல் தைத்தார். இரண்டு நாளில் ஐந்து மெத்தை முடிந்தது.

கெடு முடியும் நாளில் முதலாளி முன்னாலேயே போட்டி வைக்கச் சொன்னேன். என் தைரியம் எனக்கே ஆச்சரியம். ராக்கெட்டின் வண்டியிலும் இவள் வண்டியிலும் கம்பெனியில் சரியாக இரண்டாயிரம் கிலோ ஏற்றிச் சீட்டுப் போட்டு, ஒரே நேரத்தில் கிளப்பிவிட வேண்டும். ஏலக்கூடமே மேடையைச் சுற்றி நின்றது. மீன்காரம்மாக்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். சின்னவனும் இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான். அக்கா மட்டும் வரவில்லை.

ராக்கெட் இருபத்தொன்பது நிமிஷத்தில் வந்தான். கதவைத் திறந்து நிற்காத வண்டியிலிருந்து குதித்தான். வண்டி எடை போக ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு கிலோ. பையன்கள் விசிலடித்தார்கள். அவன் கொட்டகை நிழலில் சாய்ந்து நின்று தலை வாரிக்கொண்டான்.

அதன்பின் காத்திருந்தோம். முப்பத்தைந்து ஆயிற்று, நாற்பது ஆயிற்று. முதலாளி கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். நாற்பத்தேழாவது நிமிஷம் அவள் வண்டி திருப்பத்தில் தெரிந்தது, மெத்தை போர்த்திய முதுகோடு. ஒருவரும் வழி விடுங்கள் என்று கத்தவில்லை. மேடையில் ஏற்றி நிறுத்தி இறங்கினாள். மெத்தைகளை அவிழ்த்துக் கீழே போட்டோம். முள் ஆடி நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று.

நான் வாய்விட்டுச் சொன்னேன். ராக்கெட் வந்து முள்ளைக் குனிந்து பார்த்தான். மேடை சரியில்லை என்றான். நான் சோதனை எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டினேன். ஒரு கிலோகூடப் பிசகவில்லை. அப்போது ஒரு மீன்காரம்மா கையைத் தட்ட, கூடம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. சின்னவன் கட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினான், விழப்போனவனை நான்தான் பிடித்தேன். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, முப்பத்தொன்று எழுதியிருந்த நாளில்கூட.

ராக்கெட் லேசுப்பட்டவன் இல்லை. மெத்தையை எனக்குக் கொடுங்கள், மெத்தையோடு பறந்து காட்டுகிறேன் என்றான். நியாயமான கேள்விதான். முதலாளியும் தலையாட்டினார். மறுநாள் அதே மெத்தைகள், அதே எடை, அவன் கையில். இருபத்தொன்பது நிமிஷத்திலேயே வந்தான். அவிழ்த்தோம். முன்வரிசையில் பதினொரு பார்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்து, சில்லுகள் பின்கதவுச் சந்து வழியே ரோட்டுக்குப் போயிருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. அவளைவிட இருபத்தொரு கிலோ கம்மி. உடைந்த ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும், அதைத் தொடவே மாட்டோம் என்று மீன்காரம்மாக்கள் சொல்லிவிட்டார்கள்.

ராக்கெட் உடைந்த பார்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளிடம் போனான்.

"பாலத்து இறக்கத்துல என்ன கியர்க்கா போடுவீங்க?"

"ரெண்டு" என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

முதலாளி அன்றே மூன்று காரியம் செய்தார். ஆறு வண்டிக்கும் மெத்தை தைக்கும் வேலையை அக்காவிடம் கொடுத்தார். முதலில் வருகிறவனுக்கு நிழல் என்பதை எடுத்துவிட்டு, கொட்டகையை ஆறு வண்டிக்கும் நீட்டச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு முன்னால் எந்த வண்டி வந்தாலும் உள்ளே விடாதே, வாசலில் வெயிலில் நிற்கட்டும், யார் என்று எனக்குச் சொல் என்றார். கடிகாரத்தைப் பார்த்துப் பையன்களை ஓட்டியவன் நான். அதே கடிகாரத்தை வைத்து அவர்களை நிறுத்தச் சொன்னார். அந்த வேலையை நான் சந்தோஷமாகச் செய்தேன். முதல் வாரம் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அடுத்த வாரம் ஒருவன். அதன்பின் யாரும் நிற்கவில்லை. சுவரில் கரியால் எழுதியிருந்ததற்கு மேல் ராக்கெட்டே சுண்ணாம்பு அடித்தான்.

ஏழு வாரம் முடிந்து சின்னவன் வண்டி ஏறினான். அன்று காலை அக்கா முன்னறையில் உட்கார்ந்து தைத்தார், அவ்வளவுதான். தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தார் என்று மூத்தவள் என்னிடம் பிறகு சொன்னாள். அவன் ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் வந்தான். எடை பிரமாதம். சீட்டை வாங்கிக்கொண்டு போனவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது, ஆனால் கேட்கவில்லை.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் இன்னும் குளித்து முடிக்கவில்லை. அவன் ஒரு வாய் அள்ளி வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஆரம்பித்தான்.

"பாலத்துக்கு இந்தப் பக்கம், புது வீடு கட்டுறாங்கல்ல. அங்கேருந்து ரெண்டு பெயிண்டருங்க ஏணி தூக்கிட்டு ரோட்டத் தாண்டினாங்க. முன்னாடி இருந்தவர் தாண்டிட்டாரு. பின்னாடி இருந்தவர் இந்தப் பக்கம் பார்க்கவே இல்ல, ஏணியப் பார்த்துக்கிட்டே வர்றாரு. மரத்துக்குப் பின்னாடிலேருந்து திடீர்னு."

அக்காவின் கை பாத்திரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அப்புறம்?" என்றாள் மூத்தவள்.

"பிரேக் போட்டேன். வண்டி நின்னுருச்சு."

"எவ்வளவு தூரத்துல?"

"இங்கேருந்து அந்தக் கதவு. ஏணியில எத்தன படின்னு எண்ணிருக்கலாம்." அவன் தட்டை ஓரமாக நகர்த்தினான். "பழைய மாதிரி வந்திருந்தேன்னா நின்னுருக்காதுக்கா. எனக்குத் தெரியும். அவரும் இருந்திருக்க மாட்டாரு."

"அவரு என்ன சொன்னாரு?" என்று அக்கா கேட்டார்.

"அவருக்குத் தெரியவே தெரியாதும்மா. பாட்டு ஏதோ முனகிட்டே தாண்டிப் போயிட்டாரு. திரும்பிக்கூடப் பார்க்கல."

"இப்ப அவரும் வீட்டுல சாப்பிட்டுட்டு இருப்பாரா?"

"இருப்பாரும்மா."

அக்கா அவனைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். ஏழு வாரமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு, கண்ணில் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. மூத்தவளும் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்காரர் தலை ஈரத்தோடு ஓடிவந்தார்.

"என்ன சத்தம்? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க" என்றார் அக்கா. "உங்க பையன் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கான். ஒண்ணுமே ஆகலைங்க."

அதைச் சொன்னது அக்காவுக்குப் போதவில்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அங்கேயும் சொல்லிவிட்டு வந்தார்.